ஜோடியா கெடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பதுளையில் நீங்களும் அப்பாவும் சுகந்தானே? காய்ச்சலுக்குப் பிறகு என் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பதில் பிந்தியதற்குக் கோபிக்காதீங்க, காட்டிலேயே வேலை.

நக்கிள்ஸ் மலையில் நாங்கள் தேடுகிற, மூக்கில் கொம்புள்ள ஓணான் இந்தத் தீவைவிட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. இங்கேயும் அருகி வருகிறது. போன கிழமை குண்டசாலையில் என் அறைக்கு ஒருவர் வந்தார். கம்பளையில் ஆசிரியராம். ஓணானை எந்த ஓடைப் பக்கம் கண்டேன் என்று கேட்டார். பிறகு மெதுவாக, "ஜோடியா கெடைக்குமா தங்கச்சி?" என்றார். ஆராய்ச்சி செய்கிற நாங்கள் ஆண், பெண் என்போம். ஜோடி, பிடித்து விற்கிறவர்களின் சொல். "அங்க அட்டைதான் சார் ஜோடியா கெடைக்கும்" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்க. பாப்பா போட்ட சட்டை ஒன்றையும், துவைக்காமல்.

ஒன்று கேட்கணும். செருப்பை மாட்டிக்கொண்டே அவர், "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?" என்று விசாரித்தார். பாப்பாவைப் பற்றி நான் இங்கே யாரிடமும் பேசியதில்லை. அங்கே யாராவது வந்தாங்களா அம்மா? பஸ் வந்துவிட்டது. பாப்பாவை வாசலில் விளையாட விடாதீங்க.

உங்கள் மகள்,
சந்திரமலர்