எங்க வீட்டு ரத்தம்

ஜூலை 7, 2025, திங்கள்

மணிராஜுக்குக் கல்யாணமாம். எங்களுக்கு விவாகரத்து ஆகி முழுசாய் ஒரு வருஷம் ஆகவில்லை. பெண் வேறு யாருமில்லை, அவன் அக்கா சுந்தரம்மாளின் மகள் கிருஷ்ணப்ரியா. தாய்மாமன் உரிமையாம். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம். ஸ்டாஃப் ரூமில் பிரேமலதா மிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள், அவளுக்கும் மணிராஜின் ஊரான பசுவந்தனைதான். பேப்பர் திருத்திக்கொண்டே கேட்டேன். சரியான விடை ஒன்றுக்குத் தப்புப் போட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மகளுக்கு ரத்தம் ஏற்றத் திருநெல்வேலி போய் வந்தோம். செண்பகா இப்போது அழுவதுகூட இல்லை. ஆறு வயசு. கையைத் தானே நீட்டுகிறாள்.

பிள்ளைக்குத் தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய், என்று தெரிந்த அன்றைக்குச் சுந்தரம்மாள் வாசலில் நின்று சொன்னது: "எங்க வீட்டு ரத்தத்துல இப்படி ஒண்ணு கிடையாது. இது இவ கொண்டுவந்த விஷம்." தெருவுக்கே கேட்டது. மணிராஜ் உள்ளே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா, அப்பா ரெண்டு பேரிடமும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வரும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவன் பரிசோதனைக்கே வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் புரத உற்பத்தி நடத்தினேன். டி.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. வேண்டிய பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து வெளியே அனுப்பும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். கோத்துக்கொண்டே போனால் புரதம். 'நிறுத்து' என்று ஒரு மூன்றெழுத்து வந்தால் நின்றுவிடும்.

எஸ்தர்ராணி எழுந்தாள். "மிஸ், அந்த 'நிறுத்து' நடுவுலயே வந்துட்டா?"

"ஓர் எழுத்து மாறினாலே வந்துரும். புரதம் பாதியில நின்னுபோகும். ஹீமோகுளோபினுக்கு இப்படி ஆனா ரத்தம் ஊறாது."

"அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிரதி வருதே மிஸ். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு செய்யாதா?"

"செய்யும். ரெண்டும் கெட்டாத்தான் கஷ்டம்."

குரல் உடையாமல் சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு விளங்குகிறது.

ஜூலை 13, ஞாயிறு

மணிராஜ் உடம்பில் உள்ளது அக்கா உடம்பிலும் இருக்கலாம். அப்படியானால் அவள் மகளுக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு —

பிறக்கட்டும். சுந்தரம்மாள் தன் பேத்தியைத் தூக்கிக்கிட்டு மாசாமாசம் பஸ் ஏறட்டும். அப்ப இது யார் கொண்டுவந்த விஷம்னு நான் கேக்கேன். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கப் போறதில்ல. எனக்கென்ன? எனக்காக யாரு பேசினாங்க?

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கும் அதே நினைப்பு. இனிப்பாக இருக்கிறது.

ஜூலை 19, சனி

கிருஷ்ணப்ரியாவே வந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள்.

"அத்தை, செண்பகாவுக்கு உள்ளது எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் வருமா? அம்மாகிட்ட கேட்டா அடிக்க வாரா."

வராதுன்னு ஒரு சொல் சொல்லியிருந்தா போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செண்பகா அவள் மடியில் ஏறி வளையலைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் மாமாவுக்கு இருக்கு. அது நிச்சயம். நீ முதல்ல ரத்தப் பரிசோதனை செஞ்சு பாரு."

இரக்கத்தில் சொல்லவில்லை. இருக்கு என்று வந்தால் சுந்தரம்மாள் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கவேண்டும், அதுக்காகத்தான். அப்படித்தான் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

அவளுக்கும் இருக்கிறது. போனில் அழுதாள். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம்.

பாயசம் வைத்தேன். ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுந்தரம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"நானும் பரிசோதனை பண்ணிப் பாத்தேன். எங்க வீட்டு ரத்தந்தான்," என்றாள், தரையைப் பார்த்து.

"சத்தமாச் சொல்லுங்க மதினி. அன்னைக்குத் தெருவுக்கே கேட்டுச்சுல்லா."

எதிர்வீட்டு ஆசீர்வாதம் அண்ணாச்சி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சத்தமாகவே சொன்னாள்: "எனக்கு இருக்கு. என் மகளுக்கு இருக்கு. என் தம்பிக்கும் இருக்கு. இவமேல மட்டும் பழி போட்டது தப்பு."

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள்? கேட்டபிறகு என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மணிராஜுக்குக் கயத்தாறில் பெண் பேசுகிறார்களாம். மாப்பிள்ளைக்குப் பரிசோதனை செய்யவேண்டும், பெண்ணுக்கும் செய்யவேண்டும், அப்புறம்தான் மற்றப் பேச்சு என்று பெண்வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பிரேமலதாவிடம் கேட்டேன்.

சொன்னது சுந்தரம்மாளாம். பெண்வீட்டுக் கூடத்தில், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.