மூன்று முறை சிக்கியவள்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் சிக்கிவிட்டேன். மூன்றாவது முறை.

"உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, இங்கே அழுத்தித் திருத்துங்கள்" என்று ஒரு மின்னஞ்சல். நான் எந்தப் பார்சலும் கேட்கவில்லை. எனக்குப் பார்சல் அனுப்புகிற ஆளும் யாரும் கிடையாது. அந்த ஆசையில்தான் அழுத்தினேனோ என்னவோ. திரை முழுக்க ஒரு மீன் வந்து வாயைத் திறந்தது. "இது நம் கணினிப் பிரிவு வைத்த சோதனை. ஏமாந்துவிட்டீர்கள்."

பத்தே நிமிடத்தில் தூண்டில் வந்துவிட்டார். கணினிப் பிரிவுக்காரர், மாதம் ஒரு போலி மின்னஞ்சலை எங்கள் தலையில் கட்டி, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. பெயர் நான் வைத்தது. இந்த நோட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வழக்கம்போல மஞ்சள் தாளை நீட்டினார். வழக்கம்போல என் மேசை ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். பயிற்சி வகுப்புக்கு வரச் சம்மதம் என்று நான் இரண்டு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து. நேருக்கு நேர் போட்டால்தான் செல்லுமாம். மூன்று தடவையும் நான் போட்ட கையெழுத்தில் ஒரு வீட்டையே பதிவு செய்திருக்கலாம்.

மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. ஆபீஸ் முழுக்கத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார்.

"நாலாவது தடவைன்னா கம்ப்யூட்டரை எடுத்துடணும்னு விதி இருக்கு மேடம். கிடங்குல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு."

கிடங்கில் உட்கார்ந்து நட்டு எண்ண வேண்டுமாம். நானா? பதினேழு வருஷமா இந்த ஒன்பதாம் நம்பர் மேசையில உட்கார்ந்திருக்கேன். ஊரில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும், உள்ளே இருப்பவர் மணியை அழுத்தினால் என் மேசையில்தான் அடிக்கும். ஆளைப் பேசி அமைதிப்படுத்தி, மெக்கானிக்கை அனுப்பி, கதவு திறக்கும்வரை கூடவே பேசிக்கொண்டிருப்பவள் நான். இதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 5, புதன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். "தெரியாததைத் தொடாதே, அவ்வளவுதான?" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அவ்வளவுதான். உலகத்தில் எல்லாமே அவ்வளவுதான், செய்ய வேண்டியது நாமாக இல்லாதவரை.

இன்றிலிருந்து எதையும் தொடுவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு வாரத்தில் பதினான்கு மின்னஞ்சல்களைப் போலி என்று தூண்டிலிடம் பிடித்துக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மதியம் தூண்டில் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, பதினாலும் நிஜம். இதுல ஒண்ணு முதலாளி அனுப்பினது. உங்களுக்குப் புது நாற்காலி வேணுமான்னு கேட்டிருக்கார்."

வேண்டாம் என்று எழுதிவிடச் சொன்னேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன், இடுப்பு வலிக்கு நாற்காலி வேண்டும்தான்.

மார்ச் 14, வெள்ளி

தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. "நான்தான், என் போன் தொலைஞ்சு போச்சு, இது என் புது நம்பர்." தங்கையாம். இந்தக் கதையெல்லாம் எனக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. "நீ என் தங்கச்சின்னா என் முழங்கால் தழும்பு எப்படி வந்ததுன்னு சொல்லு" என்று எழுதினேன். "என்னைத் தள்ளிவிடப் போய் நீயே விழுந்தே" என்று பதில் வந்தது. அது பொய். அவள்தான் என்னைத் தள்ளினாள். ஆக இது மோசடிக்காரன்தான் என்று அந்த எண்ணையே முடக்கிவிட்டேன்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்காரர் கூப்பிட்டார். அது அவளேதான். நாற்பது வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது என்னோடு பேச மாட்டாளாம்.

மார்ச் 19, புதன்

காலையில் ஒரு துணிக்கடை லிஃப்ட், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகியும் மணியை அழுத்தவில்லை. ஏன் சார் என்றால், தானே சமாளித்துவிடலாம் என்று பார்த்தாராம். கதவைக் கையால் தள்ளினீர்களா என்று கேட்டேன். "இல்லையே" என்றார். அந்த "இல்லையே" எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி எழுத்து கொஞ்சம் நீளும். தள்ளியிருக்கிறார், விரல் நசுங்கியிருக்கிறது.

பயத்தைவிட வெட்கம்தான் இவர்களை அதிக நேரம் உள்ளே வைத்திருக்கிறது. நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன். மூச்சை மெதுவா விடுங்க. எந்த மாடி? கதவைக் கையால திறக்கப் பார்க்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன். வெளியே வந்தபோது அவர் என் பெயரைக் கேட்டார்.

இந்த வேலையையா எடுக்கப் பார்க்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

தங்கை இன்னும் பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

பத்தரை மணிக்கு ஒரு மின்னஞ்சல். "கணினிப் பிரிவு: நீங்கள் சோதனையில் சிக்கிவிட்டீர்கள். கீழே உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பயிற்சிக் கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் விவரம் உங்கள் உயரதிகாரிக்குப் போகும்."

நாலாவது தடவை. போச்சு, எல்லாம் போச்சு, கிடங்குதான். மவுஸ் மேல் கையும் போய்விட்டது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நான் எதில் சிக்கினேன்? மூன்று வாரமாக எதையுமே தொடவில்லையே, முதலாளி தருகிறேன் என்ற நாற்காலியைக்கூட. மீன் எங்கே? மஞ்சள் தாள் எங்கே? மேசை ஓரத்தில் தொங்கும் அந்தக் கால் எங்கே? சிக்கினவளுக்குச் சிக்கினாய் என்று மின்னஞ்சல் வராது, ஆளே வருவார். இந்த ஆபீஸில் அது மூன்று முறை சிக்கிய எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறையும் சிக்காத புத்திசாலிகள் யாருக்கும் தெரியாது.

தூண்டிலைக் கூப்பிட்டேன். வேறு கிளையில் இருந்தார்.

"நான் எதுவும் அனுப்பலயே அக்கா." குரல் மாறிவிட்டது. "யாரும் பாஸ்வேர்டு போடக் கூடாது. போட்டவங்க சுவத்துலேர்ந்து நெட் வர்ற நீல ஒயரைப் பிடுங்கணும். யார் யார் போட்டாங்கன்னு பேர் வேணும், இங்கிருந்தே அவங்க கணக்கை மூடுறேன். மெயில்ல சொல்லாதீங்க, இனிமே அதை யாரும் நம்ப முடியாது. போன்ல கேளுங்க."

என்னைத் தவிர நாற்பத்தொரு மேசை. எண் எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் ஆறு பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பதில் சொன்னார்கள். "நானா? இல்லையே."

கடைசி எழுத்து நீண்டது. ஆறு பேருக்கும்.

எல்லாரும் உள்ளே மாட்டிக்கொண்டு மணியை அழுத்தாமல் இருக்கிறார்கள். முதல் தடவை சிக்கிவிட்டோம், யாருக்கும் தெரிவதற்குள் முடித்துவிடுவோம் என்று கமுக்கமாகக் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறார்கள். நான் பேச்சை மாற்றினேன். மறுபடியும் முதல் ஆளிலிருந்து ஆரம்பித்தேன்.

"நான் மூணு தடவை மஞ்சத் தாள்ல கையெழுத்துப் போட்டவ. என்கிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம்? மூச்சை மெதுவா விடுங்க. போட்டீங்களா?"

"போட்டுட்டேன் மேடம்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். குரலே எழும்பவில்லை. அடுத்தவரும் போட்டிருந்தார். அதற்கடுத்தவர் அழவே ஆரம்பித்துவிட்டார். நீல ஒயரைப் பிடுங்கச் சொல்லி, பெயரைத் தூண்டிலுக்குச் சொல்லி, அடுத்த எண்ணுக்குப் போனேன்.

நேரம் பார்த்து லிஃப்ட் மணி வேறு அடித்தது. ஒரு பல் மருத்துவமனை, ஐந்தாம் மாடி, உள்ளே வாய் மரத்துப்போன ஒரு பெண். அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. ஒரு காதில் அவள், மறு காதில் கொள்முதல் பிரிவு. நாலாயிரம் லிஃப்டுகளின் பட்டியல் என் திரையில் இன்னும் உயிரோடு இருந்தது. எந்த லிஃப்ட், எந்தச் சாவி, எந்த மெக்கானிக் பக்கத்தில் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது போனால் அந்தப் பெண்ணை நான் எப்படி வெளியே எடுப்பேன்? பட்டியல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எண்களை அழுத்தினேன்.

மெக்கானிக்கை அனுப்பியாயிற்று. நாற்பது பேர் முடிந்தது, பத்துப் பேர் போட்டிருந்தார்கள். மிச்சம் ஒரே ஒரு எண்.

கண்ணாடி அறையின் திரை இறக்கியிருந்தது. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார்.

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். நான் பார்த்துக்கறேன்."

"சார். கதவைக் கையால திறக்கப் பார்க்காதீங்க."

மூச்சு மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன், அது எனக்கு வரும்.

"பேரெல்லாம் மாறிக்கிட்டே வருது" என்றார். "ஒவ்வொரு ஃபைலா... நான் எதையும் தொடவே இல்ல, அதுபாட்டுக்கு மாறுது."

"சரி சார். மூச்சை மெதுவா விடுங்க. சுவர் பக்கம் நீல ஒயர் இருக்கா?"

"இருக்கு."

"பிடுங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மேசை நகர்கிற சத்தம் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. பிறகு, "பிடுங்கிட்டேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

பல் மருத்துவமனைப் பெண்ணும் அதே நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். நன்றி சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

தூண்டில் ஓட்டமும் நடையுமாக வந்து ஒவ்வொரு கணினியாகப் பார்த்தார். மேலாளருடையது மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் பத்திரம். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் வைரஸ் பொதுக் கணினிக்குள் புகுந்து நாலாயிரம் லிஃப்டுகளின் பட்டியலையும் பூட்டிப் போட்டிருக்கும் என்றார். பிறகு என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் தாள் இல்லை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்" என்றேன்.

ஜெயித்துவிட்டேன். இந்த நோட்டில் சொன்னால் என்ன, ஜெயித்துவிட்டேன்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 26, புதன்

எல்லா ஆபீஸும் இப்படிச் சோதனை வைப்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியுமாம். அதனால் பிடிபட்டவனுக்கு வரும் கடிதம் போலவே ஒன்றைச் செய்து அனுப்பிவிட்டார்கள். வெட்கப்படுகிறவன் யாரையும் கேட்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

மேலாளர் பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்து நின்றார். முதலாளியிடம் தானே சொல்லிவிட்டாராம், முதலில் போட்டவன் நான்தான் என்று. சொன்ன பிறகும் நகராமல் நின்றார்.

"நேத்து நீங்க போனைக் கீழ வச்சிருந்தீங்கன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றார்.

எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்தார். அவர்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், பாதிதான் மிச்சம் இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

நாலாவது தடவை விதியை எடுத்துவிட்டார்கள். மஞ்சள் தாளும் கிடையாது. இனி யார் எதில் சிக்கினாலும், சிக்கியது போலச் சந்தேகம் வந்தாலும், உடனே ஒன்பதை அழுத்த வேண்டும். அழுத்துகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மேலாளர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் ஒன்பதில் தானே உட்காருவதாகவும் எழுதியிருக்கிறார். முதல் நாளே லிஃப்ட் மணி அடித்து, மனிதர் வெலவெலத்துப்போனார்.

நாற்காலியும் வந்துவிட்டது. நானே கேட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்தவுடனே எடுத்தாள். விஷயம் அவள் காதுக்கு எட்டியிருக்கிறது, இவர் வேலை. "ஆபீஸையே காப்பாத்தினியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "நான்தான் உன்னைத் தள்ளினேன்" என்றாள்.

தெரியும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுந்தோம் என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கணினியிலேயே என் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். "இடுப்பு வலியா? உங்கள் நாற்காலியைச் சரியாக வைப்பது எப்படி என்று இங்கே பாருங்கள்." பார்த்தேன். மீன் வாயைத் திறந்தது.

நாலாவது முறை. கிடங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும்தான். தூண்டிலுக்கு எந்த ஜென்மத்தில் புத்தி வருமோ தெரியவில்லை, எனக்கும்தான். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்று போனை எடுத்து ஒன்பதை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார் மேலாளர்.

"நான்தான் சார்" என்றேன். "மறுபடியும்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூச்சை மெதுவா விடுங்க மேடம்" என்றார். "எந்த மாடி?"

கீழ்த்தளம் என்று சொன்னேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை லைனிலேயே இருந்தார்.