கூப்பிட்டால் மேலே பார்க்கிறாள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று போனில் ஒரு வரி அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். பேசலாம் என்று கூப்பிட்டாலோ நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். நடுவில் உன் மாமா போனைப் பிடுங்கி, அங்கே மழையா வெயிலா என்று விசாரிக்கிறார். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதில் நான் எவ்வளவு கத்தினாலும் உன் காதில் விழாது.

பள்ளி திறக்கப் போகிறது. மாடியறையில் சீருடைத் துணி மலை போலக் குவிந்து கிடக்கிறது. உன் மாமா பொத்தானுக்குக் காஜா எடுக்க உதவுகிறேன் என்று உட்கார்ந்து, முழுக்கைச் சட்டைக்கு முதுகிலும் ஒரு காஜா எடுத்து வைத்திருக்கிறார். கேட்டால் காற்றோட்டமாக இருக்கட்டுமே என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் கடை நடத்துகிறேன்.

இப்போது உன் செல்லத்தைப் பற்றி. பாபின் மறுபடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பூனைதானே அக்கா, ஒரு மூலையில் கிடக்கும் என்று சொல்லித்தான் விட்டுப்போனாய். அவள் மூலையில் கிடக்கிறாள். ஊர்க் கடுவன்கள் எல்லாம் என் மொட்டைமாடிச் சுவரில் கிடக்கின்றன. போன தடவை அவள் கத்த ஆரம்பித்தது நல்ல உச்சி வெயிலில். பசித்த கைக்குழந்தை அழுகிற அதே குரல். அளவு கொடுக்க வந்த ஒரு பெண், குழந்தையை அழவிட்டுவிட்டுத் தைக்கிறீர்களே என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். வெளியே எட்டிப் பார்த்தால் சுவர் நெடுகக் கடுவன்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் ஒரே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. நான் துணிக்கோலை வீசியபோதும் ஒன்றும் அசையவில்லை. பட்டப்பகலில் நான் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டேன்.

முன்பு போட்ட குட்டிகளின் கதை உனக்குத் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தோம். யார், எப்படி வளர்ப்பார்கள் என்று விசாரிக்கவே இல்லை. அச்சகக்காரர் முதல் ஈற்றிலிருந்து ஒரு பெண் குட்டியை ஆசையாக வாங்கிப் போனார். பிறகு கேட்டால், அதுவா எங்கேயோ ஓடிப்போச்சுங்க என்றார். ஒன்று வாசலிலேயே வண்டிச் சக்கரத்தில் போயிற்று. சில கண் திறக்கவே இல்லை.

பூனை டாக்டரம்மாவிடம் காட்டினேன். உடம்பு வற்றிப் போயிருக்கிறது, இந்த ஈற்றோடு போதும், குட்டிகள் பால் மறந்ததும் கொண்டு வாருங்கள், சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். இதை அவர் போன வருஷமே சொன்னார். அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். நீ, "அவளுக்குமா எடுக்கணும்?" என்றாய்.

அந்த 'உம்' என் வாயை அடைத்துவிட்டது. உனக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு உன் மாமியார் வீட்டில் பேசிய பேச்சு எனக்குத் தெரியாததா? அது பொறுக்காமல்தானே கண்காணாத ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை என்று கிளம்பினாய். அதனால் நானும் பேச்சை விட்டேன். ஆனால் யோசித்துப் பார். உனக்கு எடுத்தது உன் உயிரைக் காப்பாற்ற. இவளுக்கு எடுக்கச் சொல்வதும் அதற்குத்தான். இவளைக் குறை சொல்ல மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல். உன்னைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அக்கா

•

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய "சரி" கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தாய். நல்ல செய்தியும் இருக்கிறது, கொஞ்சம் புரியாத செய்தியும் இருக்கிறது.

பாபின் நிறைமாத வயிற்றோடு காணாமல் போய்விட்டாள். கட்டிலடி, பீரோ மேல், படிக்கட்டுக்குக் கீழ் எல்லாம் தேடினோம். உன் மாமா தெருத்தெருவாகப் போய்ப் பாபின், பாபின் என்று கூவியதில், தையல் சாமான் விற்கிறார் என்று நினைத்து ஒருத்தி நூல்கண்டு விலை கேட்டாளாம். நாளாக ஆக எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பிறகு ஒரு மழைக்காலையில் கதவைத் திறந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வயிறு வற்றி, மெலிந்து, சுத்தமாக. விறுவிறுவென்று உள்ளே வந்து, அவளுடைய அதே அலமாரித் தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குட்டிகளைத்தான் காணோம். பிழைக்கவில்லை போலிருக்கிறது. நீ வருத்தப்படாதே.

இனி புரியாததைச் சொல்கிறேன். அவளுக்குக் குரல் போய்விட்டது. நம் வாயாடிதானே, ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள்! இப்போது வாயைத் திறக்கிறாள், சத்தம் வருவதில்லை. கடுவன்கள் சுவரில் நடந்து போகின்றன. இவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அங்கே பூனையே இல்லாததைப் போல. உன் மாமா சொல்கிறார்: "குட்டி போட்ட பூனை மாதிரி அலையணும்னு சொல்வாங்க. இது ரிட்டையர் ஆன ஆபீசர் மாதிரி உக்காந்திருக்கு."

மீன் வைத்தால் பாதியைத்தான் தின்கிறாள். மீதியைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறாள். எங்கே போகிறாள் என்று பார்க்கப் பின்னால் போனால் நின்றுவிடுகிறாள். நான் திரும்பி நடக்கும் வரை என்னையே பார்க்கிறாள்.

இடது காதின் நுனியும் போயிருக்கிறது. வெளியே எங்கேயோ சண்டையில் கிழிந்திருக்கும். ஆனால் நான் தையல்காரி, கிழிசலுக்கும் வெட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? கிழிசல் பிசிறடிக்கும். இது கத்தரிக்கோல் வைத்து நறுக்கினாற்போல நேராக இருக்கிறது. உன் மாமாவிடம் காட்டினேன். உனக்கு எதைப் பார்த்தாலும் துணிதான் என்றார். சரி, பூனைச் சண்டையில் அப்படியும் வெட்டுப்படுமோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இதைச் சொன்னால் சிரிப்பாய். நான் மாடியில் தைத்துக்கொண்டிருக்கும்போது "பாபின்" என்று கூப்பிட்டால் இவள் என்னைப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்கி மேலே பார்க்கிறாள். மேலே என்ன இருக்கிறது? கூரைக்குக் கீழே பலகை அடித்த ஃபால்ஸ் சீலிங்தான். திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் மேலே பார்க்கிறாள். சில நேரம் மிஷினை நிறுத்தினால் அங்கே துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது. எலியாம், உன் மாமாவின் கண்டுபிடிப்பு. பூனை இருக்கிற வீட்டில் எலி வந்தால் அந்தப் பூனையை என்னவென்று சொல்வது? மழை ஈரத்தில் அறையில் லேசாக ஒரு வாடையும் அடிக்கிறது. ஊதுபத்தி ஏற்றி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நேரம் வாங்கிவிட்டேன். உன் பூனை பத்திரமாக என் காலடியில் படுத்திருக்கிறது. அவள் நன்றாக இருக்கிறாள். நீ நிம்மதியாகத் தூங்கு.

அன்புடன்,
அக்கா

•

என் தங்கத்துக்கு,

கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டு படி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாபின் போய்விட்டாள். நான் சொன்ன அன்றைக்கு அவள் என் காலடியில் இல்லை. அந்தக் கடிதத்தை நான் எழுதியபோது அவள் என் தலைக்கு மேலே இருந்தாள்.

திங்கட்கிழமை கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். டாக்டரம்மா மேசையில் போட்டு வயிற்று மயிரை வழித்தார். வழித்த கை நின்றது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நூல் மாதிரி ஒரு பழைய வெள்ளைத் தழும்புக் கோட்டைக் காட்டினார். "என்னங்க, ஏற்கெனவே ஆபரேஷன் ஆன பூனையைக் கொண்டாந்திருக்கீங்க? இது குட்டியே போட்டிருக்காதே" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். எங்கள் பூனை எத்தனை ஈற்றுப் போட்டது என்று எனக்குத் தெரியாதா என்றேன். அவர் பொறுமையாகக் காதைத் தொட்டுக் காட்டினார். தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்கிறவர்கள், செய்து முடித்த அடையாளமாக மயக்கத்திலேயே காது நுனியை நறுக்கிவிடுவார்களாம், திரும்பப் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்க. பிறகு கேட்டார்: "இது இங்க இருக்கு. உங்க பூனை எங்க?"

அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே சாம்பல் கோடு, அதே கண், அதே வெள்ளைக் கால்கள். நம் வீட்டுத் தட்டில் தின்று, நம் அலமாரியில் தூங்கி, என் காலடியில் கிடந்தது எது? கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் வரும்போது கம்பி இடுக்கு வழியே அது என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன். அது நேராக அடுப்படிக்குப் போய் மீன் துண்டைக் கவ்வியது. இந்த முறை என்னைக் கண்டு நிற்கவில்லை. மாடியறைக்கு ஏறி, அலமாரி மேல் தாவி, சீலிங்கில் குழாய் போகிற சந்துக்குள் நுழைந்தது. நான் கீழே நின்று "பாபின்" என்றேன். மேலிருந்து பதில் வந்தது. நம் வாயாடியின் குரல். மிஷின் சத்தத்தில் அமுங்கிப்போகிற அளவுக்குத் தேய்ந்த குரல்தான், ஆனால் அவளேதான்.

உன் மாமா இதுவரை ஒரு ஆணி ஒழுங்காக அடித்ததில்லை. அன்றைக்கு ஸ்டூல் மேல் ஏறி வெறுங்கையால் பலகையைப் பெயர்த்தார். என் வெட்டுத் துணிகளை இழுத்துப் போட்ட படுக்கையில் கிடந்தாள். பக்கத்தில் இரண்டு குட்டிகள், கண் திறந்து நடக்கிற குட்டிகள். சுற்றிலும் மீன் முள். காது வெட்டுப்பட்டது அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சீறவில்லை, நகர்ந்து வழி விட்டது. அத்தனை நாளும் அவளுக்குச் சோறு போட்டது அதுதான்.

உடனே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஒரு குட்டி உள்ளேயே செத்துப்போய், கர்ப்பப்பை முழுவதும் சீழ் பிடித்திருந்தது. கடைசியில் அதையேதான் எடுத்தார்கள். நன்றாக இருக்கும்போது எடுத்திருந்தால் கொஞ்ச நேர வேலை என்று டாக்டரம்மா சொன்னார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாபின் மயக்கம் தெளியவில்லை. என் கையில்தான் அடங்கினாள். உன் பழைய நீலத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மனதில் ஏற்றிக்கொள்ளாதே. டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே செய்யாமல் தள்ளிப்போட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. செல்லம் கொஞ்சினால் போதும் என்று இருந்துவிட்டோம்.

காது வெட்டுப்பட்டது யார் என்று விசாரித்தேன். அச்சகக்காரருக்குக் கொடுத்தோமே, அந்த முதல் ஈற்றுப் பெண் குட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தெருவில் ஒரு குழுவினர் பூனைகளைப் பிடித்து ஆபரேஷன் செய்து திரும்பத் தெருவிலேயே விட்டார்களாம். நாம் தூக்கிக் கொடுத்ததற்கு யாரோ முகம் தெரியாதவர்கள் செய்த நல்லதை, நாம் மடியில் வைத்துக் கொஞ்சியதற்கு நாம் செய்யவில்லை. தன் தாய் விழுந்து கிடப்பது அதற்கு எப்படித் தெரிந்தது, அந்த மழையில் யார் கூப்பிட்டு வந்தது, எனக்குத் தெரியாது. அதை யோசிக்காமல் விட்டுவிடுகிறேன்.

குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றில் முட்டி முட்டிச் சப்புகின்றன. ஒரு சொட்டுப் பால் கிடையாது. வழித்த தோலில் அந்தக் கோடுதான் தெரிகிறது. அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, ஒன்றையும் தள்ளுவதில்லை. தட்டில் பால்சோறு குடித்துவிட்டு மறுபடி அதனிடமே ஓடுகின்றன. உன் மாமா இதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டுக்கும் வயது வந்ததும் ஆபரேஷனுக்கு டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டேன். இனி யாரையும் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். ஒரே வீட்டில், கண்ணெதிரே, அவள் நன்றாக இருக்கிறாள் என்று நம்பினேன். உனக்கு எழுதியும் அனுப்பினேன். அதற்குள் அவள் மேலே கிடந்து அழுகிப்போனாள். அன்றிலிருந்து, காலையில் போனில் உன்னுடைய "நல்லா இருக்கேன்" வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அனுப்புகிறவள் நீதானா என்று பார்க்கிறேன். அந்த எழுத்துக்கு மேலே எங்கேயோ நீ கிடக்கிறாயோ என்று பார்க்கிறேன்.

லீவு இல்லை என்று சொல்லாதே. ஒரே ஒரு நாள் வந்து என் முன்னால் உட்கார். நன்றாக இல்லை என்றால் இல்லை என்று சொல். அழுதால் அழு, நான் கத்த மாட்டேன்.

தீர்க்காயுசாக இரு.

உன் வருகைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அக்கா