ஒரு பை புற்றுமண்ணைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ம. ஆரோக்கியசெல்வி,
க/பெ. மைக்கேல்ராஜ்,
மேட்டுத் தெரு, சேவூர்,
ஆரணி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: செம்பும் தங்கமும் இருக்கின்றனவா என்று பார்க்க வந்த ஆய்வுக் குழுவினர், எங்கள் நிலத்தில் உள்ள அம்மன் புற்றை உடைத்து எடுத்துச் சென்ற மண்ணைத் திருப்பித் தரவும், அந்தப் புற்றை வழிபட்டுவரும் ராஜம்மாளிடம் நேரில் வந்து நடந்ததைச் சொல்லவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் முன்பு கொடுத்த மனுக்கள். (எண்கள் அலுவலகத்தில் இருக்கும். என்னிடம் உள்ள ரசீதுகளில் மை அழிந்துவிட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் பட்டுத்தறி நெய்து வருகிறேன். என் கணவர் களம்பூரில் ஓர் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். விஷயத்துக்கு வருமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கத்தில் பங்கு கேட்கவில்லை. முந்தைய மனுவுக்கு வந்த பதிலில், "மனுதாரர் கனிமத்தில் பங்கு கோரியுள்ளார், அதற்கு விதிகளில் இடமில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது" என்று இருந்தது. என் மனுவில் அப்படி ஒரு வரிகூட இல்லை. தங்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனவே இந்த மனுவையாவது கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

2. ஊருக்கு வெளியே என் கணவர் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நெல் வைக்கிறோம். அதன் மேற்கு மூலையில் வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு அது புற்று. எங்கள் தெருவில் மற்றவர்களுக்கு அது அம்மன். என் மாமனார் காலத்திலிருந்து அந்த மூலையில் ஏர் ஓட்டுவதில்லை. இப்போது டிராக்டரும் சுற்றிக்கொண்டுதான் போகிறது. இதற்காக யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் பெரிய மனது பண்ணியதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நடைமுறை அப்படி.

3. அந்தப் புற்றுக்கு வெள்ளிதோறும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுகிறவர் எதிர்வீட்டு ராஜம்மாள். வயதானவர், வலது முழங்காலில் வலி. அவரும் நெசவாளர்தான். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்கு அறுந்த இழை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் போனபோது, "நீயாவது போய் ஊத்திட்டு வந்துடும்மா" என்று பால் செம்பை என்னிடம் கொடுத்தார். நானும் போய் ஊற்றினேன். எங்கள் பங்குச்சாமியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலையைச் செய்ததில் பாவம் ஒன்றும் இல்லை என்றார். இதையெல்லாம் எழுதுவது, அந்த அம்மா எனக்கு யார் என்பது தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான்.

4. சென்ற மாசி மாதத்தில் ஒரு ஜீப் வந்தது. செம்பு, தங்கம் தேடி ஆரம்பக் கட்ட ஆய்வு என்றார்கள். வயல்களில் கயிறு பிடித்து அளந்து, குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, இடத்துக்கு இடம் மண் எடுத்துச் சிறு பைகளில் போட்டு எண் எழுதினார்கள். குழுவின் பொறுப்பாளர் ஜோபின் என்ற இளைஞர். மரியாதையானவர். குடிக்கத் தண்ணீர் கேட்டார், மோர் கொடுத்தேன். இது பின்னால் என்னவாகப் பேசப்பட்டது என்பதை ஆறாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

5. அவர் புற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கறையான் ஆழத்திலிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து வைப்பதால், தோண்டாமலே கீழே என்ன இருக்கிறது என்று அந்த மண்ணில் தெரிந்துவிடும் என்றார். எனக்கு அது புது விஷயம், கேட்க நன்றாகவும் இருந்தது. ஆனால் அது ராஜம்மாளின் புற்று, அவர் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார், அவரைக் கேட்காமல் தொடவேண்டாம் என்று நான் சொன்னேன். "பட்டா யார் பேர்ல இருக்கு அக்கா?" என்று கேட்டார். என் கணவர் பெயரில் என்றேன். லாரியில் இருந்த என் கணவருக்குப் போன் போட்டார். அவர் வயல் மண் என்று நினைத்து, "மண்ணுதானே, எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டார். பட்டாதாரர் சம்மதம் இருக்கிறது என்று சுத்தியலால் புற்றின் மேல்பாகத்தை உடைத்து, உள்ளேயிருந்து ஒரு பை மண் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் பூசிய பக்கம்தான் உடைந்து விழுந்தது. ஐயா, பட்டா எங்கள் பெயரில் இருப்பது உண்மை. புற்று எங்கள் பெயரில் இல்லை. அரசாங்கத்தின் காகிதத்தில் இதை எழுத இடம் இல்லாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

6. வெள்ளிக்கிழமை ராஜம்மாள் பால் செம்போடு வந்தார். நான் நிலத்து வேலியின் படலைத் திறந்துவிட்டு, நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பார்த்துவிட்டார். பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். செம்பைக்கூட எடுத்துப்போகவில்லை. பிறகு தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. வந்த அதிகாரி பெயர் ஜோபின், அவரும் கிறிஸ்தவர், நான் மோர் கொடுத்தேன், ஆகவே அவர் எங்கள் சொந்தக்காரர், நாங்கள்தான் சொல்லி உடைக்கவைத்தோம் என்று. அந்தத் தம்பி எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. தாகத்துக்கு வந்தவரிடம் ஜாதி மதம் விசாரித்துவிட்டு மோர் ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

7. யாரும் எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை, தண்ணீரை நிறுத்தவில்லை. அதனால் இதைக் குற்றமாக எழுதக்கூட வழியில்லை. நடந்தது இவ்வளவுதான். பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, விடியலில் தெருவில் நீட்டித்தான் சரிசெய்யவேண்டும். அதற்கு ஏழெட்டுப் பேர் வேண்டும். இரண்டு முனையிலும் இழுத்துப் பிடிக்க ஆள், நடுவில் நடந்து அறுந்த இழையை முடிய ஆள். இதற்குக் கூலி கிடையாது. இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான். இப்போது என் பாவுக்கு யாரும் வருவதில்லை. கூப்பிட்டால் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு ஆரணியில் வேலை. ராஜம்மாள் வராததால் மற்றவர்களும் வரவில்லை. அவர்கள் வீட்டுப் பாவு நீட்டும்போது நான் போய் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை, பிடிக்கவும் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். என் தறி சும்மா கிடக்கிறது. பட்டு கொடுத்த முதலாளி, நெய்ய முடியாவிட்டால் பாவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

8. இதற்கிடையில் வெளியூரிலிருந்து சிலர் வந்து, ராஜம்மாள் மகன் சிவகுமாரிடம் இதைப் பெரிய பிரச்சினையாக்கலாம், போஸ்டர் அடிக்கலாம் என்றார்களாம். அவர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்திலும் சிலர் வந்து நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கேட் போடச் சொன்னார்கள். நானும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வீட்டிலும் காபித்தூள் செலவானதுதான் மிச்சம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் திரும்பவும் வருவார்கள்.

9. மண்ணைத் திரும்பக் கேட்டு நான் போகாத இடம் இல்லை. ஓர் அலுவலகத்தில் இது கனிமம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கனிமத்துக்கு உரிய இடத்தில் இது கோயில் விஷயம் என்றார்கள். கோயில் விஷயத்தைப் பார்க்கிற இடத்தில், அந்தப் புற்று பட்டியலில் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் பயிர்ச்சேதம் என்று எழுதிக் கொடுத்தால் ஏதாவது வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அப்படியானால் எதற்கம்மா வந்தீர்கள் என்று கேட்டார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர்கூட, "தங்கச் சுரங்கத்துக்காரம்மா, டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்கிறார். முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சில்லறையை மட்டும் நீட்டுகிறேன்.

10. ஆய்வுக் குழு வாடகைக்கு எடுத்திருந்த முகாம் வீட்டுக்கும் போனேன். ஜோபின் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். சின்னப்பையன் என்ற காவலாளி மட்டும் இருந்தார். அவர், "எல்லாத்தையும் அரைச்சுட மாட்டாங்கம்மா. பாதிய சோதனைக்கு அரைக்க அனுப்பிட்டு, மீதிய இங்கியே மூட்டையா கட்டி வச்சிகினு இருக்காங்க" என்றார். அடுத்த முறை போனபோது புதிதாக வந்த பொறுப்பாளர், தொல்லை விட்டால் போதும் என்று ஒரு பையைக் கொடுத்து, இதுதான் உங்கள் மண், எடுத்துப்போங்கள் என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். செம்மண். எங்கள் வயலில் செம்மண்ணே கிடையாது, புற்று சாம்பல் நிறம். அதைக் குழைத்துப் பூசியிருந்தால் தெருவில் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், பிரச்சினையும் முடிந்திருக்கும் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் ராஜம்மாள் வந்து என்னைப் பார்த்து இது அதுதானா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறுநாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11. ஆகவே நான் கேட்பது இவைதாம். எங்கள் புற்றிலிருந்து எடுத்த மண்ணில் மீதி இருந்தால், சரியான பையைத் தேடி எடுத்துத் தரவேண்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடவேண்டும். வேறு மண் வேண்டாம். இரண்டாவது, பொறுப்புள்ள ஓர் அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்து, மைக்கேல்ராஜ் வீட்டில் சொல்லி இது நடக்கவில்லை, உங்களைக் கேட்காமல் தொட்டது எங்கள் தவறு என்று ராஜம்மாளிடம் சொல்லவேண்டும். தமிழில் சொல்லவேண்டும். போலீஸ் ஜீப்பில் வரவேண்டாம், நஷ்டஈடு என்ற பேச்சை எடுக்கவேண்டாம். அவர் வாசலில் நின்று சொன்னால் போதும். இனிமேல் வேறு ஊரில் புற்றை உடைக்கும் முன், பட்டா யாருடையது என்று கேட்பதோடு நிறுத்தாமல், பால் ஊற்றுவது யார் என்றும் கேட்கும்படி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். பூமிக்குக் கீழே தங்கம் இருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

12. ஐயா, வருகிற வெள்ளிக்கிழமை ஆடி முதல் வெள்ளி. வழக்கமாக அன்று தெருப் பெண்கள் எல்லாரும் எங்கள் நிலத்தில் அடுப்பு கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். இந்த வருடம் யாரும் பேச்செடுக்கவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

13. ராஜம்மாள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வேறோர் ஊர்ப் புற்றுக்குப் போகிறார். "இங்க இருந்தவ போயிட்டா. நான் தேடிகினு போறேன்" என்று மருமகள் ஜெயப்ரியாவிடம் சொன்னாராம். பஸ் நிற்கும் இடம் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே. சென்ற வெள்ளிக்கிழமை பஸ் வெகுநேரம் வரவில்லை. நல்ல வெயில். அந்தக் காலோடு அவர் நிற்பதைப் பார்க்க முடியாமல், உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் என்னையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார். உட்காரவில்லை. பஸ் வரும் வரை அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நானும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

எத்தனையோ பெரிய வேலைகளுக்கு நடுவில் தாங்கள் இதற்கும் நேரம் ஒதுக்கி, அந்த அம்மா என் வீட்டு நாற்காலியில் உட்கார வழி செய்து தருமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: சேவூர்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
ம. ஆரோக்கியசெல்வி