மகாராணியின் கழுத்தில் வீக்கமே இல்லை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே உன் கழுத்துக் கட்டி கரைந்து சாப்பாடு உள்ளே இறங்குகிறது என்று தெரிந்தால் அதுவே போதும். கறந்து கறந்து என் விரலெல்லாம் வெடித்துக் கிடப்பதால் உன் தங்கை எழுதுகிறாள், பால் கேனைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம், ஆனால் சொல்வது நான்.

போன கடிதத்தில் நீ பால் குடித்த மாடு சுத்தம், சீக்கு உன்னுடையது, வீட்டுப் பக்கம் வராதே என்று எழுதியிருந்தோமே, அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். காய்ச்சாத பால் குடித்து வளர்ந்த பெண்ணுக்குக் காசநோய் என்று உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கே மாட்டு டாக்டருக்கு எழுதிவிட்டார்கள். அவர் வந்ததும் அப்பா தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டு, "எங்கேயோ போய் வாங்கின சீக்கை என் மாட்டுத் தலையில கட்டுறாளா" என்று கத்தினார். டாக்டர் சிரிக்காமல், "தள்ளி நில்லுங்க, மாடு உங்களை மாதிரி கத்தாது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். ஒன்பது மாட்டுக்கும் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, தோலை மடித்து இடுக்கி போன்ற ஒரு கருவியால் தடிமன் அளந்து, மேலே ஒப்பிட்டுப் பார்க்கப் பறவைக் காச ஊசி, கீழே மாட்டுக் காச ஊசி போட்டார். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல சின்னவள்தான் எழுதினாள். மூன்று நாள் யாரும் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, திரும்ப வந்து அளக்கும்போது மேலதைவிடக் கீழே அதிகம் தடித்திருந்தால் காசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் இரண்டு மாட்டுக்கு எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது, அவற்றை அன்றே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நம் வீட்டுப் பாலுக்கென்றே வைத்திருந்த கிழட்டு மகாராணிக்கு முதல் நாளும் எட்டு மில்லிமீட்டர், மூன்றாம் நாளும் எட்டு, கொசு கடித்த தடம்கூட இல்லை. அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "பாத்தியா, உன் பொண்ணு குடிச்சது இவ பாலைத்தான்" என்றார். வண்டி போன பிறகும் டாக்டர் போகவில்லை, மகாராணியின் விலாவில் காதை வைத்துக் கேட்டார். "எலும்பும் தோலுமா நின்னு இருமுது. சீக்கு ரொம்ப முத்திப்போனா உடம்புக்கு வீங்கக்கூடத் தெம்பு இருக்காது, தோல் பேசாம இருந்துடும். தனியாக் கட்டுங்க, இது பாலைத் தொடாதீங்க, வேற சோதனை பண்ணணும்" என்றார். "உங்க ஊசி சொன்னதை நீங்களே மாத்துவீங்களா" என்று அப்பா அங்கேயே உட்கார்ந்து கறந்து ஒரு தம்ளர் தான் குடித்துவிட்டு, இன்னொன்றைச் சின்னவளிடம் நீட்டினார். "டாக்டர் பாக்கட்டும், ஒரே மூச்சுல குடிடி" என்றார். டாக்டர் வேண்டாம் என்று கை நீட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். குடித்தாள். அன்று சாயங்காலம்தான் அப்பா அந்தக் கடிதத்தை எழுதவைத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து மகாராணி நான் கறந்துகொண்டிருக்கும்போதே என் பக்கம் சரிந்து உயிரை விட்டாள். டாக்டர் தொழுவத்துக்குப் பின்னால் வைத்து அறுத்துப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் முத்து முத்தாய்க் கட்டிகள், நுரையீரலில் கத்தி மணலில் போவதுபோல் கரகரவென்றது. "உங்க பெரிய பொண்ணுக்குச் சீக்கு குடுத்தது இவதான்" என்றார் டாக்டர். அப்பா, "மிச்சம் ஆறு மாட்டுப் பாலை வண்டிக்காரன் எடுப்பானா" என்றுதான் கேட்டார்.

ஆக இது நம் வீட்டுச் சீக்கு, நீ கொண்டுவந்தது இல்லை, அதைத் தெரிந்துகொள். அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே, எனக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் இப்போது வராதே. இரண்டு மாதம் கழித்து மறுசோதனை, அதுவரை உன் கழுத்தை யாராவது பார்த்தால் பால் வண்டி நம் வாசலில் நிற்காது.

இன்னொன்று, சின்னவளுக்கும் தாடைக்குக் கீழே ஒன்று கிளம்பியிருக்கிறது. உனக்கு முதலில் வலித்ததா, வலிக்காமல் வந்ததா என்று எழுது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரைப் பதிந்துவிடுவார்கள், மறுசோதனை முடியட்டும் என்கிறார் அப்பா. அதனால் உனக்குத் தரும் மாத்திரையில் பாதியைத் துணிக்குள் சுருட்டித் தபாலில் அனுப்பு. நீ பெரியவள், தாங்கிக்கொள்வாய். ஏன்டி பேனாவை நிறுத்துற, எழுது என்று இவளை அதட்டினேன், அதையும் எழுதிவைக்கிறாள்.

உடம்பு தேறி, நல்ல தூக்கம் வந்து, நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து இரு மகளே. எங்கே பால் குடித்தாலும் பொங்கக் காய்ச்சிக் குடி. மாத்திரையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, அம்மா கேன் கழுவப் போயிருக்கிறாள். மாத்திரை அனுப்பாதே, பாதி சாப்பிட்டால் இரண்டு பேருக்குமே குணமாகாது என்று மாட்டு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், யாருக்கு என்று சொல்லவில்லை. மறுசோதனைக்காக அவர் தடிமன் அளக்கும் அந்தக் கருவியை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தாடைக்குக் கீழே திங்கட்கிழமை பதினொரு மில்லிமீட்டர், வியாழக்கிழமை பதினாறு. நடுவில் நான் தேய்க்கவே இல்லை. இதை உன் டாக்டரிடம் காட்டு. எந்த மாடு என்று கேட்டால், பத்தாவது என்று சொல்.