ஆறு சுற்றா, ஏழு சுற்றா

2025 ஜூன் 9, திங்கள்
காயில் சுற்றும் அறையில் ஃபேன் மறுபடி நின்றுவிட்டது. வேர்வையில் செம்புக் கம்பி வழுக்குகிறது. முதலாளி மகன் கிரண்குமார் வந்தார். கேபிள் டிவி ஆம்ப்ளிஃபையர் செய்கிற எங்கள் கம்பெனிக்கு முப்பது வருடமாம், வரலாற்றுப் புத்தகம் போடுகிறாராம்.
"மனோரமாக்கா, உங்களுக்கு ஒரு முழுப் பக்கம். ஒரு காயில்கூட தப்பா சுத்தாதவங்கன்னு எழுதப்போறேன்."
எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெயர் புத்தகத்தில்!

ஜூன் 11
புத்தகத்துக்குத் தேதி பார்த்துச் சொல்லக் கிரண்குமார் பழைய ஃபைல்களைக் கொடுத்தார். 1995 டிராயிங்கில் காயிலுக்கு ஆறு சுற்று. 1997 டிராயிங்கில் ஏழு. ஏழு என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே? சேர்ந்த நாளிலிருந்து ஆறுதானே சுற்றுகிறேன்?
ஒரு காயிலை எடுத்து ஊசிமுனையால் எண்ணினேன். ஏழு. இன்னொன்று. அதுவும் ஏழு.

ஜூன் 12
வீட்டுக்குப் போகும் புத்தூர் பஸ்ஸில்தான் புரிந்தது.
எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் என்னைப் பெற்ற நைனா வேர்க்கடலை அளக்கும்போது முதல் படியை 'லாபம்' என்பார். ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் அடுத்த படியை இரண்டு என்பார்கள். நைனா அதைத்தான் ஒன்று என்பார். வாங்க வந்தவருக்கு எப்போதும் ஒரு படி கூடப் போகும், அம்மா கத்துவாள். எனக்கு எண்ணத் தெரிந்ததே அப்படித்தான். லாபம், ஒன்று, இரண்டு...
ஐயோ, எத்தனை லட்சம் காயில்! நான் சொல்லிக்கொடுத்த பெண்கள் வேறு!

ஜூன் 13
யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் காயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16
தப்பே செய்யாதவள் என்று அச்சாகிவிட்டால் அந்தப் பக்கத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன்? நேராக முதலாளி சுரேஷ்பாபு சாரிடம் போய்விட்டேன்.
"சார், நான் மொத நாள்லருந்தே ஒரு சுத்து கூட சுத்திக்கினு இருக்கேன்." நைனாவின் லாபக் கணக்கையும் சொன்னேன்.
சார் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா. நான் ஆறு சுத்தின பெட்டில படம் புள்ளி புள்ளியா வந்துது. நீ சுத்தின பெட்டில நகரி ஊர் கேபிள் லைன் கடைசி வீட்லகூட பளிச்சுனு வந்துது. ரெண்டு வருஷம் தலைய பிச்சிக்கினு, அப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். ஏழு! டிராயிங்க மாத்திட்டேன்."
"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே சார்?"
"கேட்டா நீ சரியா எண்ண ஆரம்பிச்சிடுவியோன்னு பயம்."
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கம்பங்களில் எங்கள் பெட்டிகள். தினமும் பார்க்கிறவைதான். இன்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒவ்வொன்றின் உள்ளேயும் நைனா கொடுத்த அந்தக் கூடுதல் படி! எத்தனை வீட்டில் அதன் வழியாகப் படம் பார்த்திருப்பார்கள்! மெய் சிலிர்த்தது.

ஜூன் 18
சார் பயந்தது நடந்தேவிட்டது. ஒன்று என்று தொடங்கினால் கை ஆறிலேயே நின்றுவிடுகிறது. ஏழு வரை போகச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது. டெஸ்டிங்கிலிருந்து பிரீத்தி ஒரு தட்டு காயில் முழுவதையும் அப்படியே திருப்பி அனுப்பினாள். முப்பது வருடத்தில் இதுதான் முதல் முறை.
"இன்னாக்கா ஆச்சு உனக்கு?"
தட்டை வாங்கிக்கொண்டு மறுபடி சுற்ற உட்கார்ந்தேன்.

ஜூன் 20
சாரே டிராயிங்கை எடுத்துக்கொண்டு காயில் அறைக்கு வந்தார். ஏழை அடித்துவிட்டுப் பேனாவால் பக்கத்தில் எழுதினார்: லாபம் + 6.
கிரண்குமார் தன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இதுவா டிராயிங்கு, நைனா?"
"இதான் டிராயிங்கு. புஸ்தகத்துலயும் இதப் போடு," என்றார் சார். முத்திரை குத்தினார். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார்.
"உங்க நைனா பேர் இன்னாம்மா?"
பாலையா என்றேன். கையெழுத்துப் போடும் இடத்தில் முதலில் அதை எழுதினார்.