அலோய்ஸ் நகர்த்திய கம்பம்

மார்ச் 8, சனிக்கிழமை

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அம்மா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே டென்வரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் போனில் நீ சொன்னபடியே செய்கிறேன். அம்மா, நீ வாயால் சொன்னதை வைத்து அரசாங்க வரைபடத்தில் ஒரு கோட்டை என்னால் நகர்த்த முடியாது, கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றாய். உன் கம்பெனி தன் எரிவாயுக் குழாய் எந்த நிலத்தடியில் போகிறது என்று வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற விவரம் மார்ச் பதினைந்தோடு மூடிவிடும், விட்டால் இன்னும் ஒரு வருஷம் தப்பான கோடுதான் நிற்கும் என்றும் சொன்னாய். பதினைந்தை நீ பார்த்துக்கொள். எனக்குத் திங்கட்கிழமைதான் கவலை.

நேற்று வெள்ளிக்கிழமை, தவக்காலம், கோயில் மண்டபத்தில் மீன் பொரித்தார்கள். எனக்குப் பின் மேஜையில் எமில் ஓர்சாக்கின் பேரன் கோல்பி பெரிய குரலில் பேசிக்கொண்டிருந்தான், நம்மிடம் வாங்கின அந்தப் புல்வெளியில் மாடுகளுக்குக் குளம் வெட்டப் போகிறானாம், வாடகைக்கு மண் தோண்டும் இயந்திரம் வந்துவிட்டதாம், திங்கள் காலை ஆரம்பமாம். நடு வெளியிலா என்று கேட்டேன். ஆமாம் பாட்டி, நட்டநடுவில் என்றான். குழாய் இருக்கிறதேடா, போடும்போது சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தவள் நான் என்றேன். தோண்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன், குழாய் வடக்கு வேலியோரம் போகிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்துவிட்டது, அரசாங்க வரைபடமும் அதையேதான் காட்டுகிறது, அரசாங்கத்தை விட உங்கள் சமையலறை ஜன்னல் பெரிசா பாட்டி என்றான். மேஜையே சிரித்தது. எமிலும் சிரித்தான், ஆனால் என்னைப் பார்க்காமல் சிரித்தான்.

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு உன் சித்தி மகன் லாம்பர்ட்டைத் தேடிப் போனேன். அவன்தானே இப்போது தீயணைப்புத் தலைவன். அந்த வரைபடத்தைக் காட்டுடா என்றேன். ஊரார் எல்லாரும் பார்க்கிற படத்தை முதலில் காட்டினான், நம் கவுண்டி முழுக்க நீலக் கோடுகள், கொஞ்சம் பெரிதாக்கினதும் இதற்கு மேல் காட்டாது என்று நின்றுவிடுகிறது. இது பத்தாது என்றேன். அவன் முனகிக்கொண்டே கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தீயணைப்புக்காரர்களுக்குக் கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு இன்னொன்றைத் திறந்தான். பெரியம்மா, நான் பார்க்கலாம், நீங்கள் பார்க்கக் கூடாது என்றான். அப்படியானால் நீ பார்த்து எனக்குச் சொல் என்றேன். சொன்னான். சாலை வாசலில் தொடங்கி வடக்கு வேலி மூலைக்கு வளைந்து போய், அங்கிருந்து திரும்பி ஓடைக்கு வருகிறதாம். கோடு ஐநூறு அடி வரைக்கும் முன்னே பின்னே இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதை யார் படிக்கிறார்கள் பெரியம்மா என்றான். அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

இனி எழுதுவதுதான் சாட்சி. 1966 ஏப்ரலில் குழாய் போட்டார்கள். உன் அண்ணன் அப்போது வயிற்றில், நான் ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டு பதினோரு நாள் பார்த்தேன். சாலை வாசலில் இருந்து ஓடைக்கரைப் பெக்கான் மரம் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு, வளைவே கிடையாது. மூடின பிறகு மூன்று மஞ்சள் கம்பம் நட்டார்கள், வாசலில் ஒன்று, புல்வெளி நடுவில் ஒன்று, ஓடையில் ஒன்று. காலையில் போனில் இதுவரைக்கும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது இது. 1979 ஜூனில் உன் அப்பாவின் புல் வெட்டும் கத்தி அந்த நடுக் கம்பத்தில் பட்டு இரண்டாம் தடவை உடைந்தது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கம்பத்தைப் பிடுங்கி நானூறு அடி தள்ளி வடக்கு வேலி மூலையில் நட்டார். அறுப்பு முடியட்டும், திரும்ப வைக்கிறேன் என்றார். வைக்கவில்லை. எந்த விவசாயியும் வைத்திருக்க மாட்டான்.

1983இல் வெளியை எமிலுக்கு விற்றோம். மறு வருஷம் கோயில் திருவிழாவில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், உன் புருஷன் கம்பத்தை ஓரம் தள்ளிவிட்டு நிலத்தை என் தலையில் கட்டினான் என்று எமில் சொன்னான். பொய்யன் என்று நான் கத்தினேன், கையிலிருந்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் காலடியில் போட்டு உடைத்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. விலைக்காகத் தள்ளவில்லை, கத்திக்காகத் தள்ளினார், ஆனால் தள்ளினார்.

இன்னும் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் உன் கம்பெனிக்காக ஒரு பையன் அளக்க வந்தான், முதுகில் கருவி, நீலச் சட்டை. எமிலின் காளை வெளியில் நின்றதால் உள்ளே இறங்கப் பயந்து, கம்பம் கம்பமாகப் போய்க் குறித்துக்கொண்டான். நம் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தான், நான் சுட்ட கொலாச்சிப் பழ ரொட்டி மூன்று தின்றான். குழாய் பற்றி வேறு ஏதாவது தெரியுமா அம்மா என்று கேட்டான். தெரியும். சொல்லவில்லை. சொன்னால் எமில் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அந்த வளைவை வரைபடத்தில் போட்டது அந்தப் பையன் இல்லை பெர்னடெட், நான்தான்.

நீ காலையில் கருவியோடு ஆள் புதன்கிழமைக்கு முன்னால் வருவது கஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்ததும், குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு எமில் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவன், நாற்பத்தொரு வருஷம் கழித்து என்ன அல்பினா, சர்க்கரை தீர்ந்துவிட்டதா என்றான். வாசலிலேயே நின்று சொன்னேன். நீ சொன்னது உண்மை, நான் பொய் சொன்னேன், உன் பேரன் திங்கட்கிழமை குழாய் மேல் தோண்டப் போகிறான். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்குச் சந்தேகம் இருந்ததுதான், ஆனால் நீ கிண்ணம் உடைத்த வேகத்தில் நான்தான் தப்போ என்று நம்பிவிட்டேன், அதனால்தான் அவனிடம் வாய் திறக்கவில்லை என்றான். அதைக் கேட்டதும் அவன் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோல்பியைக் கூப்பிட்டுச் சொன்னோம். நடுவில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்த காகிதத்தை நீட்டுகிறான். தாத்தா, வாடகை ஓடுகிறது, கிழவிக்கு ஞாபகம் தப்பியிருக்கும் என்கிறான். கிழவிக்கு உன் ஞானஸ்நானத்தில் நீ யார் மேல் மூத்திரம் போனாய் என்பது கூட ஞாபகம் இருக்கிறது என்றேன். சரி, ஞாயிறு ராத்திரிக்குள் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வரட்டும் என்று மட்டும் சொன்னான். வராவிட்டால் திங்கள் காலை தோண்டிவிடுவான். லாம்பர்ட்டை அனுப்பி உன் அப்பாவின் டிராக்டரை வாசலுக்கும் பெக்கான் மரத்துக்கும் நேராக, அவன் குளத்துக்குக் கோடு கிழித்த இடத்தின் நடுவில் நிறுத்த வைத்துவிட்டேன். சாவி என் ஏப்ரன் பையில். ஆள் வரும்வரை அங்கேயே இருக்கும்.

லாம்பர்ட் இந்தத் தாளைப் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புவான், தாள் பின்னால் தபாலில் வரும். உங்கள் அவசர நம்பரில் யாரையாவது எழுப்பு. அப்பா பெயர் வருகிறதே என்று எதையும் அடித்துவிடாதே, அவர் இருந்தால் அவரே எழுதியிருப்பார், கொஞ்சம் தாமதமாக. முழங்காலுக்கு நீ அனுப்பின களிம்பு தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என் முத்தம், மாதா உங்கள் எல்லாரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
அல்பினா ஹ்ருஷ்கா,
கம்பத்தை நகர்த்திய அலோய்ஸின் மனைவி.

சாட்சி: எமில் ஓர்சாக். எனக்காக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், அவள் நீயே எழுது என்கிறாள். பெர்னடெட், உன் அம்மா சொல்வது முழுக்க உண்மை. சீக்கிரம் செய்யம்மா. அவன் எனக்கு ஒரே பேரன்.